மாரத்தான் பயிற்சி: தினமும் கஷ்டப்பட்டு ஓடியும் வேகம் ஏன் குறைகிறது?

கடிதத்தின் சுருக்கம் (எழுதியவரை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன):

வாசகருக்கு வயது 39. அலுவலக வேலை, இரண்டு குழந்தைகள். முதல் மாரத்தானை 4 மணி 52 நிமிடத்தில் முடித்தவர். இரண்டாவது மாரத்தானுக்கு இன்னும் 11 வாரம் இருக்கிறது, இந்த முறை 4 மணி 15 நிமிடத்துக்குள் முடிக்க ஆசை. வாரம் 45 கிலோமீட்டர் ஓடிக்கொண்டிருந்தவர் ஆறே வாரத்தில் அதை 72 ஆக்கியிருக்கிறார். செவ்வாய் இன்டர்வெல் (வேகமாக ஓடி, இளைப்பாறி, மறுபடி வேகமாக ஓடுவது), வியாழன் டெம்போ (நிற்காமல் ஒரே சீரான, சற்றுக் கடினமான வேகத்தில் ஓடுவது), சனிக்கிழமை குழுவோடு மேடுகளில் ஓட்டம், ஞாயிறு 26 முதல் 28 கிலோமீட்டர் நீண்ட ஓட்டம். புதனும் வெள்ளியும் அட்டவணையில் 'ஈஸி' என்று இருந்தாலும் அன்றும் கிலோமீட்டருக்கு 6:15 (6 நிமிடம் 15 விநாடி) வேகம்தான். திங்கள் ஓட்டம் இல்லை, ஜிம்மில் கால்களுக்கான எடைப்பயிற்சி. தொடக்கத்தில் 1 கிலோமீட்டர் இன்டர்வெல்களை 5:25-இல் ஓடியவருக்கு இப்போது 5:45 கூட முடியவில்லை. காலை நாடித்துடிப்பு 56-இல் இருந்து 64 ஆகிவிட்டது, இரவில் தூக்கம் இல்லை. இடது காலில் முழங்காலுக்குக் கீழே உள்பக்க எலும்பில் ஒரு இடத்தில் வலி. ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னால் ஒரு வலி மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

அவர் கேட்பது: மெதுவாக ஓடினால் உடம்பு அந்த வேகத்துக்கே பழகிவிடாதா? 220-இல் இருந்து வயதைக் கழித்துப் பார்த்தால் என் இலகு ஓட்டத் துடிப்பு 127-க்குக் கீழே இருக்க வேண்டும் என்று வாட்ச் சொல்கிறது, அந்தத் துடிப்பில் எனக்கு நடக்கத்தான் முடிகிறது, என்ன செய்ய? தவறிப்போன இன்டர்வெல்லை அடுத்த நாளே ஓடிவிடலாமா? ஓய்வு எடுத்தால் இதுவரை சேர்த்தது கரைந்துவிடும் என்று கணவர் சொல்கிறார், சரியா?

கடைசியில் ஒரு வரி: "மூன்று மாதத்தில் 4 கிலோ குறைத்தேன், மாதவிடாய் இரண்டு மாதமாக வரவில்லை, பயிற்சியினால்தான் என்று நினைக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கடைசியில் எழுதிய அந்த வரியில் இருந்துதான் நான் தொடங்க வேண்டும். வேகம், துடிப்பு, அட்டவணை எல்லாவற்றுக்கும் வருகிறேன், ஆனால் ஒரு மருத்துவராக உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் கண் நின்ற இடங்கள் மூன்று. எலும்பில் ஒரே இடத்தில் வலி, நின்றுபோன மாதவிடாய், ஓடுவதற்கு முன் போடும் மாத்திரை. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு சமாதானம் கிடைக்கும். மூன்றும் ஒரே ஆளிடம், அதுவும் ஆறு வாரத்தில் தூரத்தை ஒன்றரை மடங்குக்கு மேல் கூட்டிய ஒருவரிடம் சேர்ந்து வந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

ஓட்டத்தை நிறுத்திவிட்டு முதலில் செய்ய வேண்டியது

விரலால் அந்த எலும்பின் ஓரத்தை மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாகப் பரவலாக வலித்தால் அது பெரும்பாலும் ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்று ஓடுகிறவர்கள் சொல்லும் தொல்லையாக இருக்கும், சுமையைக் குறைத்தால் அடங்கும். விரல் நுனி வைக்கிற அளவு இடத்தில் மட்டும் 'சுருக்'கென்று வலித்தால், ஓட ஓட வலி கூடினால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால், எலும்பில் அழுத்த முறிவு (திரும்பத் திரும்ப விழும் சுமையால் வரும் மெல்லிய கீறல்) தொடங்கியிருக்கலாம். நீங்கள் 'ஒரு இடத்தில்' என்று எழுதியிருப்பதால் எனக்கு இரண்டாவது சந்தேகம்தான் அதிகம். ஒரு எலும்பு மருத்துவரையோ விளையாட்டு மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள், அதுவரை ஓட வேண்டாம். எக்ஸ்-ரே எடுத்து ஒன்றும் இல்லை என்று வந்தால் அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள், ஏனென்றால் முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த வகை முறிவு எக்ஸ்-ரேயில் தெரியாமல் போவது சகஜம். எம்.ஆர்.ஐ.யில் தெரிந்துவிடும்.

மாதவிடாய் விஷயம். நிறைய ஓடினால் இப்படித்தான் ஆகும் என்று ஓடும் பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதை அடிக்கடி கேட்கிறேன், அது சரியல்ல. முதலில் கர்ப்பப் பரிசோதனை, அப்புறம் தைராய்டு உள்ளிட்ட ஹார்மோன் பரிசோதனைகள் (39 வயதில் வேறு காரணங்களும் இருக்கலாம் என்பதால்). இவை எல்லாம் சரியாக இருந்தால் மிஞ்சுவது, நீங்கள் சாப்பிடுவது நீங்கள் ஓடுவதற்குப் போதவில்லை என்பது. செலவுக்கு ஏற்ற வரவு இல்லாதபோது உடம்பு அவசரமில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்துகிறது, அதில் முதலில் நிற்பவற்றில் ஒன்று மாதவிடாய். சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-இல் இதற்கு ரெட்-எஸ் (விளையாட்டில் வரும் ஆற்றல் பற்றாக்குறை) என்று பெயர் வைத்தது, ஆண்களுக்கும் இது வரும். மாதவிடாய் நிற்கும்போது ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. எலும்பு அளவுக்கு மீறிக் கரையாமல் பிடித்துவைத்திருப்பது அந்த ஈஸ்ட்ரோஜன்தான். உங்கள் கால் வலிக்கும் இதற்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்று நான் நினைப்பதற்கு இதுதான் காரணம். எடை குறைந்தால் வேகம் கூடும் என்ற எண்ணத்தை மாரத்தான் முடியும்வரை ஒதுக்கி வையுங்கள். மகப்பேறு மருத்துவரையும் பாருங்கள், மூன்றாவது மாதம் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்புச்சத்தைக் காட்டுவது) வைட்டமின் டி-யும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு ஏறியதற்கும் களைப்புக்கும் இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம்.

மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். ஐபுப்ரூஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கக்கூடியவை. மூன்று மணி நேரம் வியர்த்து ஓடும்போது ஏற்கெனவே அங்கே ரத்தம் குறைவாகத்தான் போகும். வயிற்றுப் புண் இன்னொரு ஆபத்து. இதையெல்லாம்விட, 'நிறுத்து' என்று சொல்லும் ஒரே குரலை அந்த மாத்திரை அமுக்கிவிடுகிறது.

மெதுவாக ஓடினால் அதற்கே பழகிவிடுமா?

இப்போது உங்கள் முதல் கேள்வி. உங்கள் ஓட்டங்களை ஒரு தாளில் வேகம் போட்டு எழுதிப் பார்த்தேன். இன்டர்வெல் 5:45, டெம்போ 5:55, 'ஈஸி' 6:15, ஞாயிறு நீண்ட ஓட்டம் 6:10. நான்கும் அரை நிமிட இடைவெளிக்குள் அடங்கிவிடுகின்றன. பெயர்தான் நான்கு, உடம்புக்கு இது ஒரே வகையான நாள். 4 மணி 15 நிமிடத்தில் முடிக்கக் கிலோமீட்டருக்குச் சுமார் 6:02 வேண்டும், அதாவது உங்கள் இலகு ஓட்டம் நீங்கள் ஆசைப்படும் போட்டி வேகத்தை ஒட்டியே இருக்கிறது. அதனால் வேகமாக ஓட வேண்டிய நாளில் கால் வருவதில்லை, மெதுவாக ஓட வேண்டிய நாளில் கால் தேறுவதில்லை. இன்டர்வெல் 5:25-இல் இருந்து 5:45-க்குப் போனதை உழைப்புப் போதவில்லை என்று எடுத்துக்கொண்டு மேலும் அழுத்தினீர்கள், பயிற்சியில் இருக்கும் பெரும்பாலானவர்கள் செய்வதுதான், ஆனால் அந்த எண் சொன்னது அதற்கு நேர் எதிரானது.

மெதுவோட்டத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்ற எண்ணம் தவறு. தசைக்குள் ஆற்றலை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவது, தசைநாரைச் சுற்றி நுண்ணிய ரத்தக்குழாய்கள் கூடுவது, இதயம் ஒரு துடிப்பில் தள்ளும் ரத்தத்தின் அளவு அதிகரிப்பது, கொழுப்பை எரிபொருளாக எடுக்கும் திறன் வளர்வது, இவையெல்லாம் பேசிக்கொண்டே ஓடும் வேகத்திலும் நடக்கின்றன. மாரத்தானில் 30 கிலோமீட்டருக்கு அப்புறம் காலை நகர்த்துவது பெரும்பாலும் இந்தச் சேமிப்புத்தான். வேகமாக ஓடினால் இவை கிடைக்காது என்பதில்லை, கிடைக்கும், ஆனால் அதற்கான களைப்பு பல மடங்கு. பேசக்கூடிய எல்லைக்குக் கீழே ஒரு மணி நேரம் ஓடினால் இதயத்தை இயக்கும் நரம்புகள் சீக்கிரமே பழைய நிலைக்கு வந்துவிடும், எல்லையைத் தாண்டிவிட்டால் அதற்கு நேரம் பிடிக்கும். நீங்கள் புதன் கிழமையும் வெள்ளிக்கிழமையும் அந்த எல்லையைக் கொஞ்சமே தாண்டுகிறீர்கள். பலன் கொஞ்சம்தான் கூடுகிறது, களைப்பு நிறையக் கூடுகிறது.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மன் கடின நாளுக்குப் பின் இலகு நாள் என்ற முறையைத் தன் மாணவர்களிடம் கட்டாயமாகவே வைத்திருந்தார். அவரிடம் இருந்த கென்னி மூர் எந்நேரமும் அதிகமாக ஓடியே தீர வேண்டும் என்று நின்றவர், பவர்மன் பிடிவாதமாகத் தூரத்தைக் குறைத்து மெதுவாக ஓடவைத்த பிறகுதான் அவர் மேலே வந்தார், 1972 மியூனிக் ஒலிம்பிக் மாரத்தானில் நான்காவது இடம் பிடித்தார். பின்னாளில் ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் படகோட்டிகள், பனிச்சறுக்கு வீரர்கள், சைக்கிள் வீரர்கள், ஓட்டக்காரர்கள் என்று உலகத் தரத்தில் இருப்பவர்களின் பயிற்சிக் குறிப்புகளைப் பார்த்தபோது பத்தில் எட்டுப் பயிற்சிகள் இலகுவாகவே இருந்தன. 80-20 என்று இன்று எல்லோரும் சொல்வது அங்கிருந்து வந்தது. அது சட்டம் இல்லை. வாரத்தில் ஐந்தாறு தடவை ஓடும் உங்களுக்கு அதன் பொருள், கடின நாள் இரண்டு, மிஞ்சிப்போனால் மூன்று என்பதுதான்.

கென்ய மாரத்தான் வீரர் எலியுட் கிப்சோகே 2022-இல் பெர்லினில் 2:01:09-இல் ஓடியபோது கிலோமீட்டருக்குச் சுமார் 2:52 வேகம். அவரே இலகு நாட்களில் கிலோமீட்டருக்கு 4 நிமிடத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டு ஓடுபவர். போட்டி வேகத்தைவிட ஒரு நிமிடத்துக்கும் மேல் மெதுவாக ஓடியதால் அவர் கால் எதையும் மறந்துவிடவில்லை. உங்கள் கணக்கில் அது கிலோமீட்டருக்கு 7 நிமிடம் முதல் 7:40 வரை. முதல் இரண்டு வாரம் இது எரிச்சலாகத்தான் இருக்கும். கால் தானாக வேகம் பிடிக்கும், நீங்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். 6:00, 6:15 வேகம் விஷம் கிடையாது. உங்கள் மாரத்தான் வேகமே அதுதான் என்பதால் அதில் ஓடிப் பழகவும் வேண்டும். ஞாயிறு நீண்ட ஓட்டத்தின் நடுவில் 8 கிலோமீட்டர், 10 கிலோமீட்டர் என்று திட்டம் போட்டு அதில் ஓடுங்கள். களைத்த கால்களோடு புதன்கிழமை காலையில், கவனிக்காமலே அந்த வேகத்துக்குப் போய்விடுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இலகு நாளில் உள்ளே என்ன நடக்கிறது

உடம்பின் எல்லா பாகமும் ஒரே வேகத்தில் தேறுவதில்லை, இது புரிந்துவிட்டால் அட்டவணையை நீங்களே போட்டுவிடலாம். தசையில் தீர்ந்துபோன கிளைக்கோஜன் (தசை சேமித்துவைக்கும் எரிபொருள்), போதிய மாவுச்சத்து சாப்பிட்டால் ஒரு நாளில், சில சமயம் இரண்டு நாளில் நிரம்பும். தசை வலி உச்சத்துக்குப் போவது பெரும்பாலும் இரண்டாம் நாள். தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண்கள் இன்னும் மெதுவானவை. கடினமாக ஓடிய முதல் ஒன்றரை நாள்வரை அவற்றில் கொலாஜன் என்ற நார்ப்புரதம் உடைவதுதான் அதிகம், அதற்குப் பிறகே கட்டுவது முந்துகிறது. செவ்வாய் இன்டர்வெல், வியாழன் டெம்போ, சனி மேடு, ஞாயிறு நீண்ட ஓட்டம் என்று போனால் உங்கள் குதிகால் தசைநாண் கட்ட ஆரம்பிக்கும் நேரத்தில் மறுபடியும் உடைக்கிறீர்கள்.

எலும்பின் கணக்கு வாரங்களில். புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைக்கிறது, பிறகுதான் அங்கே புதிதாகக் கட்டுகிறது, கட்டும் வேலை பின்தங்கியே வரும். அதனால் தூரத்தைக் கூட்டிய மூன்றாவது நான்காவது வாரத்தில் எலும்பு முன்பைவிடப் பலவீனமாக இருக்கும், நுரையீரலும் இதயமும் தசையும் அந்நேரத்தில் பிரமாதமாகத் தயாராகி 'இன்னும் ஓடு' என்று சொல்லிக்கொண்டிருக்கும். உங்களுக்கு வலி தொடங்கியது ஐந்தாவது வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஆயிரம் காலடி, ஒவ்வொரு அடியிலும் தரை உங்கள் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசையைத் திருப்பித் தருகிறது. வாரத்துக்கு 27 கிலோமீட்டர் கூடுதல் என்றால் எத்தனை ஆயிரம் அடி கூடியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

வாட்ச் சொல்வதும் மூச்சு சொல்வதும்

220-இல் இருந்து வயதைக் கழிக்கும் கணக்கு பெருங்கூட்டத்தின் சராசரிக்குப் போட்டது. ஒரே வயதுள்ள இரண்டு பேருக்கு நடுவில் இருபது துடிப்பு வித்தியாசம்கூடச் சாதாரணம். உங்கள் கடிதத்திலேயே ஆதாரம் இருக்கிறது, பத்து கிலோமீட்டர் போட்டியின் கடைசியில் 188 பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள், அந்தக் கணக்குப்படி உங்கள் உச்சமே 181-தான். உச்சம் தப்பு என்றால் அதை வைத்துப் போட்ட 127-ம் தப்பு. அதோடு, மணிக்கட்டில் கட்டும் வாட்ச் சில நேரம் துடிப்புக்குப் பதிலாகக் கால் அடிகளின் தாளத்தையே எண்ணிவிடும். திடீரென்று 170 என்று காட்டுகிறது, மூச்சோ நிதானமாக இருக்கிறது என்றால் வாட்சை நம்பாதீர்கள்.

7 நிமிட வேகத்தில் உங்கள் துடிப்பு 138 என்கிறீர்கள், அப்போது நண்பரோடு பேச முடிந்தது என்கிறீர்கள். அதுதான் உங்கள் இலகு ஓட்டம், வேறு சோதனை தேவையில்லை. முழு வாக்கியமாக, நடுவில் மூச்சுக்காக வெட்டாமல் இரண்டு மூன்று வாக்கியம் பேச முடிய வேண்டும். தனியாக ஓடினால் வாய்விட்டு எதையாவது சொல்லிப் பாருங்கள். வெயில் அதிகமான நாளிலும், தூக்கம் கெட்ட நாளிலும், ஏற்றத்திலும் அதே மூச்சுக்கு வேகம் 8 நிமிடமாகக்கூடப் போகும், போகட்டும், ஏற்றத்தில் நடந்தாலும் பரவாயில்லை. இலகு நாட்களில் வாட்சில் வேகம் தெரியும் பக்கத்தை மறைத்துவிட்டு நேரம் மட்டும் தெரிகிற மாதிரி வைத்துக்கொள்ளச் சொல்வேன். நிறையப் பேருக்கு இது ஒன்றே போதுமானதாக இருக்கிறது.

எது கடின நாள்?

நீங்கள் இன்டர்வெல்லையும் டெம்போவையும் மட்டும் கடினம் என்று எண்ணியிருக்கிறீர்கள். 28 கிலோமீட்டர் எந்த வேகத்தில் ஓடினாலும் அது கடின நாள். மேடேறும் சனிக்கிழமையும், குழுவில் கடைசி மூன்று கிலோமீட்டர் போட்டியாகிவிடுவதால், கடினம். திங்கள் ஓய்வு என்று எழுதிய நாளில் கால்களுக்கு எடைப்பயிற்சி. ஏழு நாளில் ஐந்து கடினம், மீதி இரண்டும் நடுத்தரம். உண்மையான இலகு நாள் ஒன்றுகூட இல்லை.

மருத்துவர் ஓடலாம் என்று சொன்ன பிறகு, மெதுவாகப் பழைய தூரத்துக்குத் திரும்பியதும், வாரம் இப்படி இருக்கலாம். திங்கள் ஒன்றும் செய்யாத ஓய்வு. செவ்வாய் இன்டர்வெல், அன்று மாலையே ஜிம். காலை கடினம் என்றால் மாலையும் அதே நாளில் கடினத்தை முடித்துவிடுங்கள், அப்போதுதான் புதன் முழுசாகத் தேறுவதற்குக் கிடைக்கும். புதன் 40 நிமிடம், வியாழன் 50 நிமிடம், இரண்டும் பேசிக்கொண்டே. வெள்ளி ஓய்வு அல்லது சைக்கிள். சனி 30 நிமிடம் மெதுவாக. ஞாயிறு நீண்ட ஓட்டம், ஒரு வாரம் முழுக்க மெதுவாக, அடுத்த வாரம் நடுவில் மாரத்தான் வேகம் சேர்த்து. ஞாயிறு முழுக்க மெதுவாக ஓடும் வாரத்தில் மட்டும் வியாழனை டெம்போவாக மாற்றிக்கொள்ளலாம். மூன்று வாரத்துக்கு ஒரு தடவை மொத்தத் தூரத்தில் கால் பங்காவது குறையுங்கள்.

கடின நாளை உண்மையாகவே கடினமாக ஓடுங்கள், இதையும் சொல்ல வேண்டும். புதன் கிழமை சேமித்த கால் வலுவைச் செவ்வாய்க்கிழமை செலவழிக்கத்தான் சேமிக்கிறோம். 5:25-இல் ஆறு தடவை ஓட முடிந்து, ஏழாவதும் ஓடியிருப்பேன் என்ற நிலையில் நிறுத்துவது சரியான அளவு. நான்காவதிலேயே வேகம் விழுந்துவிட்டால் மீதியை விட்டுவிட்டு மெதுவோட்டமாக வீட்டுக்கு வாருங்கள்.

தவறிப்போன பயிற்சி

குழந்தைக்குக் காய்ச்சல், இரவு தூங்கவில்லை, செவ்வாய் இன்டர்வெல் போய்விட்டது. புதன் ஓடலாமா என்றால், அதற்கு அடுத்த இரண்டு நாளும் இலகுவாக இருக்கும் என்றால், நீங்களும் தூங்கி எழுந்திருக்கிறீர்கள் என்றால் ஓடலாம். வியாழன் டெம்போவும் அப்படியே இருக்கும் என்றால் கூடாது, விட்டுவிடுங்கள். போன வாரத்தின் கடனை இந்த வாரத்தில் அடைக்கும் பழக்கம்தான் ஓடுகிறவர்களை என்னிடம் கொண்டுவந்து சேர்க்கிறது. மூன்று மணி நேரம் மட்டும் தூங்கிய இரவே ஒரு கடின நாள்தான். மறுநாள் காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏழெட்டு அதிகமாக இருந்து, உடம்பும் கனத்தால், அட்டவணையில் என்ன எழுதியிருந்தாலும் அன்று மெதுவோட்டம் அல்லது ஓய்வு. ஒரு நாள் துடிப்பை வைத்துப் பயப்படத் தேவையில்லை, நான்கைந்து நாள் தொடர்ந்து ஏறியே இருந்தால்தான் செய்தி. உங்களுக்கு அது வாரக்கணக்கில் ஏறியே இருக்கிறது.

வீட்டிலும் குழுவிலும்

ஓய்வெடுத்தால் கரைந்துவிடும் என்று உங்கள் கணவர் சொல்வது அக்கறையில்தான். அவருக்கு இதைச் சொல்லுங்கள்: ஒரு வாரம் முழுசாக ஓடாமல் இருந்தாலும் சகிப்புத்திறன் பெரிதாகக் குறையாது, போட்டிக்கு முந்தைய இரண்டு வாரத்தில் பயிற்சித் தூரத்தைப் பாதியளவு குறைக்கும் டேப்பரில் வேகம் கூடுகிறது என்பதால்தான் உலகம் முழுக்க அதைச் செய்கிறார்கள். நான்கு வாரம் ஓடாவிட்டால் கொஞ்சம் குறையும்தான், ஆனால் சைக்கிளும் நீச்சலும் நீருக்குள் ஓடுவதும் அதில் பெரும்பகுதியைக் காப்பாற்றித் தரும்.

குழு விஷயம் எனக்குக் கொஞ்சம் கவலை. "இது என்ன நடையா" என்று கேட்டார்கள், அன்றிலிருந்து மெதுவாக ஓட வெட்கமாக இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர்களில் யாருக்கும் உங்கள் எலும்போ உங்கள் தூக்கமோ தெரியாது. செவ்வாய்க்கிழமை குழுவோடு ஓடுங்கள், வேகமான நாளுக்குத் துணை நல்லது. இலகு நாட்களில் தனியாகவோ உங்களைவிட மெதுவாக ஓடும் ஒருவரோடோ போங்கள்.

11 வாரம் கழித்து என்ன?

உங்கள் முன்னால் மூன்று வழி இருக்கிறது, எது என்பதைப் பரிசோதனை சொல்லும். எலும்பில் அழுத்த முறிவு என்று வந்தால், அந்த இடத்தில் வருகிற லேசான வகைக்கே ஆறு முதல் எட்டு வாரம் ஓட்டம் இல்லை, அதற்கப்புறம் நடை-ஓட்டமாகத் தொடங்க வேண்டும். 11 வாரத்தில் 42.195 கிலோமீட்டர் கூடாது. பதிவை அடுத்த வருடத்துக்கு மாற்றவோ அரை மாரத்தானுக்கு மாற்றவோ வசதி உண்டா, கடைசி நாள் எது என்று போட்டியின் விதிகளை இப்போதே படித்து வையுங்கள், முடிவு வந்த பிறகு தேடினால் தேதி போயிருக்கும். பிடிவாதமாக ஓடினால் மெல்லிய கீறல் முழு முறிவாகலாம், அப்போது பேச்சு மாதக்கணக்கில்.

எலும்பு நன்றாக இருக்கிறது, வெறும் ஷின் ஸ்பிளிண்ட்ஸ் என்றால் இரண்டு மூன்று வாரம் சைக்கிள், வலியில்லாத மெதுவோட்டம், பிறகு ஆறு வாரம் மேலே சொன்ன முறை, கடைசி இரண்டு வாரம் டேப்பர். ஓடலாம், ஆனால் 4:15 வேண்டாம். உங்கள் அரை மாரத்தான் நேரம் 2:06 என்று எழுதியிருக்கிறீர்கள், பயிற்சி எல்லாம் ஒழுங்காகப் போயிருந்தாலே அதற்குரிய மாரத்தான் நேரம் 4:22, 4:25 பக்கம்தான் வரும். இந்த முறை 4:35 என்று வைத்துக்கொண்டு முதல் 30 கிலோமீட்டரை நிதானமாக ஓடுங்கள். 4:52-இல் இருந்து 17 நிமிடம் குறைவது சின்ன விஷயம் இல்லை.

மூன்றாவது, எலும்பு சரி, மாதவிடாய் மட்டும் திரும்பவில்லை என்ற நிலை. இதில்தான் பலர் போட்டியை முடித்துவிட்டுப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுகிறார்கள். நானாக இருந்தால் சாப்பாட்டைக் கூட்டி, கடின நாட்களை வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து, மகப்பேறு மருத்துவரோடும் உணவியல் நிபுணரோடும் பேசிய பிறகே போட்டியைப் பற்றி முடிவெடுப்பேன். அவர்கள் ஓடலாம் என்றால் நேரக் கணக்கு இல்லாமல் ஓடுங்கள்.

இடையில் இடுப்பு மடிப்பில் ஆழமான வலி, ஓடும்போது நெஞ்சில் பிடிப்பு, மயக்கம், கருத்த நிறத்தில் சிறுநீர், இவற்றில் எது வந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

எம்.ஆர்.ஐ. அறிக்கையும் ரத்தப் பரிசோதனையும் கையில் வந்ததும் எனக்கு மறுபடியும் எழுதுங்கள், கூடவே ஒரு வாரக் காலை நாடித்துடிப்பையும் தூங்கிய மணி நேரத்தையும் குறித்து அனுப்புங்கள். ஓட்டத்துக்குத் திரும்பும் முதல் நான்கு வாரத்தை அதை வைத்துச் சேர்ந்தே போட்டுவிடலாம்.